நிச்சயதார்த்த மோதிரம்: விரலுக்குத் தகுந்த கல்



தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சுத் தொடங்கிவிடும். பெண் பார்ப்பது, பரிசம் போடுவது, நாள் குறிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்பெல்லாம் பரிசத் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம், ஒரு சேலை, கொஞ்சம் பூ இருக்கும். அதோடு பெரியவர்கள் பேச்சை முடித்துக் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது அந்தத் தட்டின் நடுவே ஒரு சின்னப் பெட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் மோதிரப் பெட்டி.

ஒரு தாயார் இதைப் பற்றித்தான் எழுதிக் கேட்டிருக்கிறார். மகன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறாராம். பார்த்திருக்கும் பெண்ணுக்குப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. பெண்ணின் தோழிகள் சிலர் வைர மோதிரம் போட்டிருக்கிறார்களாம். மகனுக்கும் அப்படி ஒன்று போட்டுவிட ஆசை. "அக்கா, என்னிடம் இருப்பது மூன்று பவுன் சங்கிலி ஒன்றுதான். அதை விற்று வைரம் வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம், தாயே. சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பொன்னும் கல்லும் ஒன்றல்ல

மூன்று பவுன் என்பது 24 கிராம். 916 தங்கமானால் அதில் கிட்டத்தட்ட 22 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. தங்கத்தின் விலை ஏறியிருக்கும் ஏற்றம் உங்களுக்கே தெரியும். 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டிப் போனது. வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டி வந்தால், நாளைக்கே அந்தச் சங்கிலி கைகொடுக்கும். எந்த ஊர் அடகுக்கடைக்கும் அதன் மதிப்புத் தெரியும்.

சின்ன வைரக் கல்லின் கதை வேறு. அடகுக்கடைக்காரர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போடுவார். பொடிக் கற்களைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்கவே மாட்டார். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தாலும் போட்ட பணம் அப்படியே வராது. விற்கிற பொருளில் கல் இருந்தால் விலை ஏறும். விற்கப் போகிறவன் கையில் கல் இருந்தால் விலை இறங்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நிச்சயதார்த்தம் என்றால் வைரம்தான்" என்பது நம் பாட்டன் பூட்டன் வகுத்த சாத்திரமா? இல்லை. தே பியர்ஸ் என்ற வைரக் கம்பெனி 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. சினிமா நட்சத்திரங்களின் கைகளிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் வைர மோதிரத்தை மின்னவிட்டு, அது இல்லாமல் நிச்சயமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அந்த ஆசைதான் சுற்றிச் சுற்றி நம் தோட்டத்துப் படிக்கட்டு வரை வந்திருக்கிறது. ஆசைப்படுவது தப்பில்லை. எங்கிருந்து வந்த ஆசை என்று தெரிந்துகொண்டு ஆசைப்படலாம் அல்லவா?

எந்தக் கல் எந்தக் கைக்கு?

சரி, கல் வைத்த மோதிரமே வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது? முதலில் அந்தப் பெண்ணின் கையைப் பாருங்கள். அந்தக் கை என்ன வேலை செய்கிறது?

கல்லின் கடினத்தை அளக்க 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒன்று முதல் பத்து வரை ஓர் அளவு வகுத்தார். வைரத்துக்குப் பத்து. மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் ஒன்பது. புஷ்பராகம் எட்டு. மரகதம் ஏழரைக்கு மேல். ஆனாலும் உள்ளே கீறல்கள் உள்ள கல், அடிபட்டால் உடையும். முத்தும் பவளமும் நான்கு அளவில்தான் நிற்கும். நம் வீட்டு வாசல் புழுதியிலும் மணலிலும் இருக்கும் பொடிக்கு அந்த அளவில் ஏழு. ஏழுக்குக் குறைந்த கல்லைத் தினமும் விரலில் போட்டால், துடைக்கத் துடையப் புழுதியே அதைக் கீறி மங்க வைத்துவிடும்.

முத்துக்கும் பவளத்துக்கும் இன்னொரு பகை உண்டு. அது புளிப்பு. எலுமிச்சை, காடி, கித்தாப் பாலை உறைய வைக்கும் ஆசிட் எல்லாம் அவற்றை அரித்துவிடும். பால்மரம் சீவும் கைக்கும், புளி கரைக்கும் கைக்கும் முத்து மோதிரம் ஆகாது. காதில் போடட்டும், கழுத்தில் போடட்டும்.

என்னைக் கேட்டால், நம் பெண்களுக்கு ஏற்ற கல் சிவப்பு அல்லது நீலம். மாணிக்கமும் நீலமும் பார்க்க வேறு வேறு; ஆனால் அடிப்படையில் இரண்டும் ஒரே கனிமம். குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். அந்தக் கனிமத்தை ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்கள். அந்தச் சொல் நம்முடைய 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்! மாணிக்கத்துக்குப் பர்மாவின் மொகோக்கும், நீலத்துக்கு இலங்கையின் இரத்தினபுரியும் பேர்போன இடங்கள்.

விலை பயமுறுத்துகிறதா? செயற்கை மாணிக்கம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான வெர்னேய் 1902-ஆம் ஆண்டிலேயே அதைத் தீச்சுடரில் உருக்கிச் செய்யும் முறையை அறிவித்துவிட்டார். அது கண்ணாடி அல்ல. அதே பொருள், அதே கடினம், விலையோ மிகக் குறைவு. நம் பாட்டிமார் போட்ட சிவப்புக்கல் தோடுகளில் எத்தனையோ அப்படிப்பட்ட கல்தான். அதனால் அவர்கள் அழகு குறைந்துவிட்டதா?

வைரம் போன்ற வெள்ளைக்கல் வேண்டுமானால் 'கியூபிக் சிர்க்கோனியா' இருக்கிறது. 1976 முதல் கடைகளில் வந்த கல் இது. சில ஆண்டுகளில் விளிம்பு தேய்ந்து ஒளி மங்கும். சின்னத் தொகையில் வேறு கல் மாற்றிக்கொள்ளலாம். இப்போது ஆலையில் செய்த வைரமும் வருகிறது. அதுவும் உண்மையான வைரமே. வெட்டியெடுத்த வைரத்தைவிட விலை மிகக் குறைவு. ஆனால் திருப்பி விற்றால் பணம் வரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வெடிப்புள்ள மட்டமான மாணிக்கத்துக்குள் ஈயக் கண்ணாடியை நிரப்பி, பளபளவென்று ஆக்கி விற்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி கெட்டுவிடும். பத்தர் நெருப்பு காட்டினாலும் கெடும். பெரிய சிவப்புக்கல், ஆச்சரியமான மலிவு விலை என்றால் அங்கே நின்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

கடையில் வாய் திறந்து கேளுங்கள்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையானாலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவானாலும், பினாங்கானாலும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையானாலும், குளிர்சாதனக் கடைக்குள் நுழைந்ததும் நம்மவர்களுக்கு வாய் அடைத்துவிடுகிறது. பணம் நம்முடையது; கேட்பதற்கு என்ன கூச்சம்?

முதல் கேள்வி: தங்கம் எத்தனை? மோதிரத்தின் உள்பக்கம் 916 என்றிருந்தால் 22 காரட். 750 என்றால் 18 காரட். 375 என்றால் 9 காரட். ஐந்து கிராம் மோதிரத்தில் 916 ஆனால் சுத்தத் தங்கம் 4.58 கிராம், 375 ஆனால் 1.87 கிராம்தான். இரண்டும் ஒரே மாதிரி மின்னும்!

இரண்டாவது கேள்வி: கல் எடை எவ்வளவு? தங்கத்துக்குச் சொல்லும் காரட் தரம். கல்லுக்குச் சொல்லும் காரட் எடை. ஒரு காரட் கல் 0.2 கிராம். ஐந்து காரட் கல் ஒரு முழு கிராம் இருக்கும். கல்லோடு சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டால், ஒரு கிராம் கல்லுக்கு ஒரு கிராம் தங்கத்தின் விலையைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். கல்லைக் கழித்த எடையைக் கேளுங்கள்.

மூன்றாவது: கல் எப்படிக் கட்டியிருக்கிறது? நகம் போன்ற மெல்லிய கம்பிகள் பிடித்திருந்தால் நூலிலும் துணியிலும் மாட்டும். 22 காரட் தங்கம் மெதுவானது. கம்பி வளைந்தால் கல் விழுந்துவிடும். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டிய மோதிரம்தான் வேலை செய்யும் கைக்குப் பாதுகாப்பு.

நான்காவது: எல்லாம் ரசீதில் இருக்கிறதா? தங்கத்தின் தரம், எடை, கூலி, கல்லின் பெயர், கல்லின் எடை, இயற்கையா செயற்கையா, இத்தனையும் எழுதி வாங்குங்கள். மலேசியாவில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வக்கீல் இல்லாமலே அங்கே கொடுக்கலாம். ஆனால் கையில் ரசீது இல்லாவிட்டால் எதைக் காட்டிப் பேசுவீர்கள்?

விரல் அளவையும் சொல்லிவிடுகிறேன். உழைக்கும் கையில் விரல் கணு தடித்திருக்கும். கணுவைத் தாண்டும் அளவுதான் சரியான அளவு. காலைக் குளிரில் விரல் ஒடுங்கியிருக்கும். மாலையில் போய் அளந்து பாருங்கள்.

ராசிக்கல் பற்றி

சோதிடர் சொன்ன கல்லைத்தான் போட வேண்டும் என்று சில வீடுகளில் பிடிவாதம் இருக்கும். அது அவரவர் நம்பிக்கை. நான் அதில் தலையிட மாட்டேன். கல்லைச் சொன்னவரே கல்லையும் விற்றால் மட்டும், அன்றைக்கே வாங்காதீர்கள். நாலு கடையில் விலை விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள். கல்லால் கடன் தீரும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கல் வாங்குவது எந்தக் கிரகத்துக்கும் பொறுக்காது.

சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது?

கடிதம் எழுதிய தாயாருக்கு உண்மையான கவலை இதுதான் என்று நினைக்கிறேன். கல்லின் விலையைவிட, "இவ்வளவுதானா?" என்று ஒரு சொல் வந்துவிடுமே என்ற பயம்.

பரிசத்தன்று சபையில் வைத்துச் சொன்னால்தான் அது அவமானமாகப் படும். அதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். "சம்பந்தி, நம் பிள்ளைகள் கடனோடு குடித்தனம் தொடங்க வேண்டாம். எங்கள் சக்திக்கு அரைப் பவுனில் 916 மோதிரம், சின்னச் சிவப்புக்கல் வைத்துப் போடுகிறோம். மீதியைப் பிள்ளைகள் வீட்டு முன்பணத்துக்குச் சேர்க்கட்டும்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். 2025-ஆம் ஆண்டில் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கு அவர்கள் வீட்டுக்கும் தெரியாததல்ல.

மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தம்பி, அந்தப் பெண்ணையே கடைக்கு அழைத்துப் போ. கையில் இருக்கும் தொகையை மறைக்காமல் சொல். அவள் என்ன எடுக்கிறாள் என்று பார். தொகை தெரிந்த பெண் பெரும்பாலும் நாம் பயந்ததைவிடச் சிக்கனமாகவே எடுப்பாள். அப்படியும் வைரம்தான் வேண்டும் என்று அவள் கேட்டால், அதைத் தாலிக்கு முன்னால் தெரிந்துகொண்டதும் நல்லதே. உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

மோதிரம் போட்ட பிறகு ஒரு பழக்கம் வேண்டும். குலை வெட்டும்போதும், இயந்திரத்தில் நிற்கும்போதும், லாரியில் ஏறி இறங்கும்போதும் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மோதிரம் மாட்டி உடம்பின் பாரம் இழுத்தால் விரல் தோலே உரிந்து வந்துவிடும். வெளுப்பு மருந்தில் துணி ஊற வைக்கும்போதும் கழற்றுங்கள். அது தங்கத்தில் கலந்த உலோகங்களை அரிக்கும். அழுக்கேறினால் இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் பாத்திரச் சவுக்காரம் கலந்து, பழைய மெதுவான பல் துலக்கியால் தேய்த்தால் போதும்.

சங்கிலியை விற்காத அந்தத் தாயார், அரைப் பவுன் மோதிரத்தோடு பெண் வீட்டுப் படியேறட்டும். பரிசம் நல்லபடி முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதட்டும்.

அடுத்த இதழில் தாலிக்கொடியை மாற்றிச் செய்யும்போது பத்தரிடம் கேட்க வேண்டியவற்றைப் பார்ப்போம். உங்கள் கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள், சகோதரிகளே.