முதுநிலை மருத்துவம்: தகுதி எங்கே போனது?

கர்நாடகத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்களுக்கே முதுநிலை மருத்துவப் படிப்பில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் என்று 2018-ல் அம்மாநில அரசு விதி வகுத்தது. பெங்களூருவிலேயே எம்.பி.பி.எஸ். முடித்த வெளிமாநில மாணவர்களுக்கும் கதவு அடைக்கப்பட்டது. அவ்விதியை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் ரத்து செய்தது. 2025 ஜனவரி 29-ல் சண்டீகர் அரசு மருத்துவக் கல்லூரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு படி மேலே சென்று, முதுநிலை இடங்களில் வசிப்பிட ஒதுக்கீடே செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிபுணர்களை உருவாக்கும் படிப்பில் தகுதியே அளவுகோலாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தகுதிக்கு மத்திய அரசு அளித்த மதிப்பு என்ன? 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தேர்வின் கட்-ஆஃப், அனைத்துப் பிரிவினருக்கும் பூஜ்ய பெர்சன்டைல் ஆக்கப்பட்டது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும் இத்தேர்வில், பூஜ்யத்துக்கும் கீழே பெற்றவரும் கலந்தாய்வுக்குத் தகுதி பெற்றார். காலியிடங்களை நிரப்புவதே நோக்கம். கட்டணத்துக்கு அஞ்சி மேல்வரிசை மாணவர் விட்டுச் செல்லும் தனியார் கல்லூரி இடம், பணம் கட்டக்கூடிய கீழ்வரிசை மாணவருக்குச் சென்று சேரும் வழியும் இதுதான்.

தேர்வெழுதும் அனைவரும் ஏற்கெனவே மருத்துவர்கள்தானே, மதிப்பெண் வரிசைப்படுத்த மட்டுமே என்று அரசுத் தரப்பில் கூறப்படுவதுண்டு. நியாயமான வாதம். ஆனால் கல்லூரியைக் கட்டி, ஊதியம் கொடுத்து நடத்தும் மாநிலம், ராய்ச்சூரிலும் யாத்கிரிலும் கன்னடத்தில் நோயாளியிடம் பேசும் நிபுணர் வேண்டும் என்று கேட்கும்போது மட்டும் அந்த வாதம் ஏன் எடுபடுவதில்லை?

பெங்களூரு நிமான்ஸ் முன்பு மனநல மருத்துவப் படிப்புக்குத் தானே தேர்வு நடத்தியது. இப்போது டெல்லி எய்ம்ஸ் நடத்தும் பொதுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கிறது. நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் திறனை எந்தக் கொள்குறி வினாவும் அளக்காது. நேர்முகத் தேர்வு வைத்தால் சிபாரிசு நுழையும் என்ற அச்சமும் பொய்யல்ல.

மாநிலங்களுக்கு ஒரு வழி மிஞ்சியுள்ளது. தமிழக அரசு மருத்துவர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31-ல் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்த ஆண்டுகளைத் தகுதியாக ஏற்கும் ஏற்பாடு இது. முதுநிலைச் சேர்க்கைக்கும் அடிப்படையாகும் 'நெக்ஸ்ட்' தேர்வுக்கு 2019-ல் சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், கட்-ஆஃப் குறைப்பதற்கு எல்லை எதையும் அதில் எழுதவில்லை. அத்தேர்வோ 2023-ல் ஒத்திவைக்கப்பட்டது.