மண்ணுக்கு இட்ட கட்டளை

சிம்மக்கல்லில் நிற்பவருக்கு மதுரையின் மண் கண்ணில் படாது. தாரும் சிமெண்டும் அதை எப்போதோ மூடிவிட்டன. ஆனால் அங்கிருந்து எந்தத் திசையில் பேருந்து ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் மண் நிறம் மாறிவிடும். தெற்கே திருமங்கலம் தாண்டினால் கரிசல் தொடங்கி விருதுநகர், கோவில்பட்டி என்று நீண்டுகொண்டே போகும். வடக்கே மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண். மேற்கே வைகையை ஒட்டிச் சோழவந்தான் போகும் வழியெல்லாம் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக வண்டல். மானாவாரிக் கரிசல்காரரிடம் போய் நெல் நடச் சொல்ல இங்கே யாருக்கும் துணிவு வராது. அவர் மண்ணைப் பார்த்துப் பயிரையும் மேகத்தைப் பார்த்து விதைப்பையும் முடிவு செய்கிறவர். அந்தக் குடும்பங்களில் பிறந்த நாம்தான் கிரிக்கெட் என்று வரும்போது, எந்தப் பந்துவீச்சாளரை எடுப்பது என்ற கேள்விக்கு மண்ணிடம் விடை கேட்டுக்கொண்டிருந்த நிலையிலிருந்து, நம் பந்துவீச்சாளருக்கு ஏற்றபடி மண்ணையே நடந்துகொள்ளச் சொல்லும் நிலைக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கிறோம்.

2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்ததைப் பலரும் ஒரு தோல்வியாக மட்டும் பார்த்துக் கடந்துவிட்டார்கள். ஜடேஜா, அக்‌ஷர் படேல், குல்தீப் யாதவ், வாஷிங்டன் சுந்தர் என்று நான்கு சுழற்பந்து வீச்சாளர்களோடு இந்தியா இறங்கியது. ஆட்டம் மூன்று நாளில் முடிந்தது. வெற்றிக்கு 124 ரன் தேவைப்பட்ட நிலையில் இந்தியா 93 ரன்னில் சுருண்டது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப் ஸ்பின்னர் சைமன் ஹார்மர் இரண்டு இன்னிங்ஸிலும் நான்கு நான்காக எட்டு விக்கெட் எடுத்துக்கொண்டு போனார். இப்படிப்பட்ட ஆடுகளத்தைத்தான் தாங்கள் கேட்டிருந்ததாகப் பயிற்சியாளர் கம்பீர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நம் சென்னைப் பையன் சுந்தர் மூன்றாவதாக மட்டை பிடித்தார். பந்துவீச்சில் அவருக்கு ஏறக்குறைய வேலையே வரவில்லை.

நான்கு சுழல், அதில் ஒருவர் தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர், முடிவில் தோல்வி. பழைய ஸ்கோர் புத்தகம் புரட்டுகிறவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. 1967 ஜூலையில் பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டனில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் நால்வரையும் ஒரே அணியில் இறக்கினார் பட்டோடி. அந்த நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் அது. புதுப்பந்தைப் போட ஆள் வேண்டுமே என்று, மிதவேகக்காரரான சுப்பிரமணியாவோடு விக்கெட் கீப்பராக அறியப்பட்ட புதி குந்தரனைப் பந்து போடச் சொன்னார்கள். என்ன வகைப் பந்து போடுவாய் என்று தலைவர் கேட்டதற்கு, எனக்கே தெரியாது என்று குந்தரன் சொன்னதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. இங்கிலாந்து 132 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. பட்டோடியிடம் இருந்தது வறுமை, காயங்களும் சேர்ந்துகொண்டன. நல்ல வேகப்பந்து வீச்சாளர் இல்லாத நாட்டில், இருப்பவர்களில் சிறந்த நால்வரை எடுப்போம், வானமும் தரையும் எப்படியோ இருக்கட்டும் என்று அவர் துணிந்தார். 2025இல் பும்ராவும் சிராஜும் அணியில் இருந்தார்கள். அப்போது இல்லாமையால் செய்ததை இப்போது எல்லாம் இருந்தும் செய்தோம். 58 ஆண்டுகளுக்கு இடையில் மாறியது அதுதான்.

நம் பக்கத்துக் கிரிக்கெட் மண்ணோடுதான் தொடங்கியது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதிய ஆட்டம் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன், மிதவேகப் பந்து வீச்சாளர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணியை விட்டுவிட்டு இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியைத் தேர்ந்துகொண்டவர் இவர்தான்; ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது, இவர் ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பினார். அன்றைய சேப்பாக்கத்தில் ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48, 59, சென்னை 130. இடக்கைச் சுழலில் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். வேகம் தொடங்கி வைக்க, சுழல் முடித்து வைக்கும் அந்த முறை முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டதைப் போல இருக்கிறது. பிறகு வந்த சி.ஆர். ரங்காச்சாரி போன்ற உண்மையான வேகக்காரர்கள் இந்த மண்ணில் விதிவிலக்குகளாகவே வாழ்ந்தார்கள். ரங்காச்சாரி தம் ஐந்து விக்கெட்டை எடுத்தது 1948இல் தில்லியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக.

1952ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலே போதும், ஆடுகளமும் பந்துவீச்சும் சேர்ந்து என்ன செய்யும் என்பது புரியும். அந்தப் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் வினூ மன்கட் 55 ரன்னுக்கு எட்டும் 53 ரன்னுக்கு நான்குமாக 12 விக்கெட் சாய்க்க, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. எட்டு மாதம் கழித்து லக்னோவில் சணல் பாய் விரித்த களத்தில் பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் அதே 12 விக்கெட்டை இந்தியாவிடமிருந்து எடுத்தார். அவர் வீசியது மிதவேகம், பாயில் ஊன்றி வெட்டித் திரும்பும் கட்டர். மண்ணில் சுழலும் பாயில் கட்டரும் என்பது அன்று ஊரறிந்த பாடம். அதைத் தேர்வாளர்கள் எப்போதும் மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1959 டிசம்பரில் கான்பூரில் புதிதாகப் போட்ட புல்தரைக் களத்தைப் பார்த்த லாலா அமர்நாத், 35 வயதான ஜசு படேலை எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். சிறு வயதில் முறிந்த கையோடு வித்தியாசமாகப் பந்தைச் சொடுக்கும் ஆஃப் ஸ்பின்னர் அவர். ஒரே இன்னிங்ஸில் ஒன்பது, ஆட்டத்தில் பதினான்கு. ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முதலாக வென்றது அப்படித்தான். இதில் என்னை ஈர்ப்பது அமர்நாத் களத்தை மாற்றச் சொல்லவில்லை என்பதுதான். இருந்த களத்தைப் படித்தார், அதற்கான ஆளைத் தேடினார்.

படிப்பது எழுதுவதாக மாறிய இடம் எது என்று கேட்டால் நான் 1988 ஜனவரியைச் சொல்வேன். உலகமே அஞ்சிய மேற்கிந்திய வேகத்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் தூசி பறக்கும் ஒரு களத்தைத் தயார் செய்தார்கள். முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி என்ற 19 வயது லெக் ஸ்பின்னர் 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். நாடு கொண்டாடியது. அதே பருவத்தில் எஸ். வாசுதேவன் என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரின் தலைமையில் தமிழ்நாடு சேப்பாக்கத்திலேயே ரயில்வேயை வீழ்த்தி ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. வேடிக்கை என்னவென்றால், எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிப் பள்ளி 1987இல் அதே நகரத்தில்தான் தொடங்கியிருந்தது. டென்னிஸ் லில்லி அங்கே வந்து இந்தியப் பையன்களுக்கு வேகம் கற்றுக்கொடுத்தார். ஒரே ஊரில் ஒரு பக்கம் எதிர்காலத்துக்கு வேகத்தை வளர்த்தார்கள், இன்னொரு பக்கம் அன்றைய வெற்றிக்காகத் தூசியை வளர்த்தார்கள். ஹிர்வானி மொத்தம் 17 டெஸ்ட் ஆடி 66 விக்கெட்டோடு நின்றுபோனார். அதில் கால் பங்கு அந்த ஒரே ஆட்டத்தில் வந்தது. தமிழ்நாட்டுக்கு அதற்குப் பிறகு ரஞ்சிக் கோப்பை இன்னும் வரவில்லை.

வானத்தையும் சொல்ல வேண்டும். மண்ணைக் கட்டளைக்குள் கொண்டுவர முடிந்தவர்களாலும் அதை ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் சமநிலை டெஸ்ட்டில் 210 ரன் எடுத்த டீன் ஜோன்ஸ் வெயிலில் சுருண்டு மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கொதிப்பில் கிரெக் மேத்யூஸ் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பந்து வீசினார். கடைசி இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் அவரும் ரே பிரைட்டும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் வேகப்பந்து வீச்சாளரை எண்ணுவதைவிட வியர்த்து ஓயாதவரை எண்ணுவதே கணக்கு. 2004 அக்டோபரில் வடகிழக்குப் பருவம் வேறு விதமாகத் தன் பங்கைக் கேட்டது. ஆஸ்திரேலியாவை வெல்ல இன்னும் 210 ரன், கையில் பத்து விக்கெட்டும் இருந்த நிலையில் கடைசி நாள் முழுவதையும் மழை எடுத்துக்கொண்டது. கும்ப்ளே அந்த ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்திருந்தார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

மதுரைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் இந்த அறிவு வேறு வழியில் வந்தது. மாவட்டக் களங்களில் நீண்ட காலம் தேங்காய்நார்ப் பாய்தான் ஆடுகளம். பாயை இழுத்து முளையடித்தால் பந்து எகிறும். தளர்த்திக் கட்டினால் பிடித்துத் திரும்பும். உள்ளூர்த் தலைவர்களுக்குத் தெரிந்த சூழ்ச்சி இது, ஆகவே கட்டளையிடும் ஆசை டெஸ்ட் அரங்கில் மட்டும் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது காலையில் கட்டி மாலையில் அவிழ்க்கும் பாய். அடியிலிருந்த மண் தன் போக்கில் இருந்தது. காற்றையும் யாரும் கட்டவில்லை. சேப்பாக்கத்துக்குப் பிற்பகலில் கடற்காற்று வரும். மதுரைச் சமவெளிக்கு அது இல்லை. இங்கே ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மண்ணை வாரியிறைத்துக்கொண்டு வரும் வறண்ட காற்றுதான். அதை எதிர்த்துப் பந்தை மிதக்கவிடத் தெரிந்த ஆஃப் ஸ்பின்னர் ஒருவர் கிடைத்தால் மறுமுனையில் யாரை வேண்டுமானாலும் போடலாம் என்பார்கள். தண்ணீர் இல்லாத வைகையில் கார்க் பந்தோடு ஆடிய பையன்களுக்குக்கூட, மணல் பிடித்த பகுதியில் வேகம் எடுபடாது, கெட்டித் தரை வந்த இடத்தில் குட்டையாகப் போட்டால் முகத்துக்கு வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2024ஆம் ஆண்டு நமக்கு இரண்டு பாடங்களை ஆறு மாத இடைவெளியில் வைத்தது. அந்த ரஞ்சிப் பருவத்தில் தமிழ்நாடு கோயம்புத்தூர் போன்ற களங்களில் சாய் கிஷோர், அஜித் ராம் என்ற இரு இடக்கைச் சுழல்களை நம்பி முன்னேறி வந்தது. காலிறுதியில் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்தியது. மார்ச்சில் அரையிறுதி, மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில். களத்தில் பசுமை, காலை ஈரம். டாஸ் வென்ற தலைவர் சாய் கிஷோர் மட்டை பிடித்தார். தமிழ்நாடு 146 ரன்னில் விழுந்தது. இன்னிங்ஸும் 70 ரன்னுமாகத் தோற்றது. காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று பயிற்சியாளர் குல்கர்னி வெளிப்படையாகக் குறை சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு உவப்பில்லை. தோற்றது அந்தக் காலை மட்டுமல்ல. பல பருவங்களாக ஒரே வகைக் களத்தில் பழகிய அணிக்கு வேறொரு களத்தை ஒரு பார்வையில் படிக்கும் பழக்கம் தேய்ந்திருந்தது. அதற்குத் தலைவர் ஒருவரைக் குற்றவாளியாக்குவது எளிது. சாய் கிஷோரோ அதே ஆட்டத்தில் ஆறு விக்கெட்டும் எடுத்தார்.

செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் செம்மண் களத்தைத் தேர்ந்தார்கள். அங்கே செம்மண், கரிசல் இரண்டு வகைக் களமும் உண்டு. செம்மண்ணில் பந்து எழும்பி வரும், வேகத்துக்கும் இடம் கொடுக்கும், காய்ந்து உடைந்தபின் சுழலுக்கும் எகிறல் கொடுக்கும். கரிசல் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்துப் பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் அனுப்பும். இந்தியா பும்ரா, சிராஜ், ஆகாஷ் தீப் என்று மூன்று வேகத்தையும் அஸ்வின், ஜடேஜா என்று இரண்டு சுழலையும் வைத்தது. வங்கதேசம் டாஸ் வென்று பந்து வீசியது. சேப்பாக்கத்தில் அப்படி ஒரு முடிவை 1982க்குப் பிறகு யாரும் எடுத்ததில்லை. அதில் பிழையும் இல்லை, ஒரு கட்டத்தில் இந்தியா ஆறு விக்கெட்டுக்கு 144. அஸ்வினின் 113உம் ஜடேஜாவின் 86உம் காப்பாற்றின. பிறகு பும்ரா நான்கு விக்கெட், ஆகாஷ் தீப் அடுத்தடுத்த பந்தில் இரண்டு. கடைசி இன்னிங்ஸில் அஸ்வின் ஆறு. ராம்சிங்கும் கோபாலனும் ஆடிய வரிசை அப்படியே திரும்பி வந்தது, 280 ரன் வெற்றியோடு. ஓராண்டு கடந்ததும் அதே வாரியம் கொல்கத்தாவில் பழையபடி தூசி கேட்டது.

2024 டிசம்பரில் அஸ்வின் 537 விக்கெட்டோடு விலகினார். அவருக்குப் பின் வருகிற பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள் என்று பார்த்தால்தான் எனக்குக் கவலை வருகிறது. மதுரையிலும் மற்ற ஊர்களிலும் பயிற்சிக் கூடங்கள் பெருகியிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் சிமெண்டின் மேல் செயற்கைப் புல். ஆடியிலும் ஐப்பசியிலும் அதே எகிறல், மழை நின்ற அரை மணியில் மறுபடி ஆட்டம். வசதிதான். ஆனால் அதில் வளர்ந்த தலைவர் ஒருவரிடம் மார்ச் மாத மும்பைக் காலையில் யாரை விடுவது, யாரை எடுப்பது என்று கேட்டால் அவர் எதை வைத்துச் சொல்வார்? 2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் நிறுவனத்தின் புதிய கிரிக்கெட் அரங்கைத் தோனி திறந்து வைத்தார். விளக்குகளையும் இருக்கைகளையும் பற்றி நிறையப் பேசினோம். ஆடுகளச் சதுக்கத்தில் மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு களமும் திருமங்கலத்துக் கரிசலில் ஒரு களமும் அடுத்தடுத்துப் போட்டு, மாவட்டப் பள்ளி அணிகளை ஒரு பருவத்துக்கு இரண்டிலும் மாறி மாறி ஆடவிடலாம். எதில் ஆடப்போகிறோம் என்பதைக் காலையில் வந்துதான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.