அலாஸ்காவின் காலிக் கூடாரங்கள்

அலாஸ்காவில் டால் ஆட்டு வேட்டைக் காலம் ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி செப்டம்பர் 20 அன்று முடிகிறது. மலைமுகடுகளில் மேயும் அந்த வெள்ளைக் காட்டாட்டுக் கிடாக்களைத் தேடி இரண்டு தரப்பினர் ஒரே பள்ளத்தாக்குகளுக்குள் இறங்குகிறார்கள். ஒருவர் உரிமம் பெற்ற வழிகாட்டி. பணம் கட்டிய வாடிக்கையாளரை அழைத்து வருகிறார். அதுதான் அவருடைய பிழைப்பு. மற்றவர் அந்த மாநிலத்திலேயே குடியிருக்கும் சாதாரண வேட்டைக்காரர். துப்பாக்கி, முதுகுப்பை, துணைக்கு ஒரு நண்பர், அவ்வளவுதான். இந்த இருவருக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவந்த எழுதப்படாத மரியாதை இப்போது அறுந்துகொண்டிருக்கிறது. முழுதும் அறுந்துபோனால் இழப்பு இந்த இருவரோடு நிற்காது.

1972 முதல் வேட்டையைச் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு வேட்டைக்காரர்களின் நாகரிகத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கொல்வது சரியா தவறா என்ற வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான நிலத்தை, காவலர் கண்ணுக்கு எட்டாத தொலைவில், முன்பின் அறியாதவர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். பொது நிலம் இருக்கும் ஊர்க்காரர் எவரும் இதை வேற்றார் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

அலாஸ்காவில் சாலைகள் மிகக் குறைவு. புரூக்ஸ் மலைத்தொடரிலோ ராங்கல் மலைகளிலோ ஆடு இருக்கும் இடத்தை எட்ட, பருத்த சக்கரம் மாட்டிய ‘சூப்பர் கப்’ போன்ற இரண்டு பேர் அமரும் விமானமே பெரும்பாலும் வழி. ஆற்றோரக் கூழாங்கல் திட்டிலோ, யாரோ கல் பொறுக்கிச் சமன்செய்த முகட்டிலோ அது இறங்கும். பல பள்ளத்தாக்குகளில் அப்படி இறங்குமிடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால் முறையும் எளிமையாகவே இருந்தது. வானிலிருந்து பார்க்கும்போது கூடாரம் தெரிந்தால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட வேண்டும். பிறர் கூடாரத்தின் மேல் தாழப் பறக்கக் கூடாது, வட்டமடிக்கக் கூடாது. நடக்கையில் எதிர்ப்பட்டால், எந்த ஓடைப்பக்கம் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்ப வேண்டும். ஒருவர் காலையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்துப் பதுங்கிப் போகும் கிடாவை இன்னொருவர் குறுக்கே புகுந்து கலைக்கக் கூடாது. வானம் மூடிக்கொண்டு விமானம் வராமல் யாராவது மாட்டிக்கொண்டால், அவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும்.

இப்போது எழும் புகார்களைப் பாருங்கள். பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே ஆளில்லாத கூடாரத்தை அடித்துவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலிருந்து பார்ப்பவர், ஆள் இருக்கிறது என்று நம்பி வேறிடம் போவார். பள்ளத்தாக்கு தானாகவே காலியாக இருக்கும், கூடாரக்காரர் வசதிப்பட்ட நாளில் வந்து சேர்வார். தண்ணீர் லாரி வருமுன் காலிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்களை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மரியாதையை மதிக்கிறவரை அந்த மரியாதையைக் கொண்டே ஏமாற்றும் வேலை இது. முறை கெட்டதற்கு இதைவிட மோசமான அடையாளம் இல்லை என்பது நம் எண்ணம்.

‘இது என் ஏரியா, கிளம்புங்கள்’ என்று மிரட்டுவது இன்னொரு வகை. ஒரு வழிகாட்டி ஒரே சமயத்தில் மூன்று பகுதிகள் வரை தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். அந்தப் பதிவு, அவர் எங்கெல்லாம் தொழில் செய்யலாம் என்பதற்கான எல்லை மட்டுமே. மற்றவரை விரட்ட அதில் ஒரு வரிகூட இடம் தரவில்லை. புதிதாக வரும் இளைஞருக்கு இது தெரியாது. துப்பாக்கியோடு நிற்கும் அனுபவசாலி அழுத்திச் சொன்னால் மூட்டையைக் கட்டிவிடுவார்.

தனி வேட்டைக்காரர்களும் உத்தமர்கள் அல்லர். வழிகாட்டியின் விமானம் எங்கே இறங்குகிறது என்று பின்தொடர்ந்து பார்த்து, மறுநாள் அதே திட்டில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டி பல கோடைகளாகக் கல் பொறுக்கிச் சீர்செய்த ஓடுதளத்தில் இறங்கி, அவருடைய கூடாரத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே தங்கள் கூடாரத்தை அடித்துவிட்டு, ‘பொது நிலம்தானே’ என்கிறார்கள். சொல் உண்மைதான். செயல்தான் அநாகரிகம்.

இது ஏன் சட்டத்தால் தீரவில்லை? விடை அலாஸ்காவின் பிறப்பிலேயே இருக்கிறது. மாநிலமாவதற்கு முன், வெளியூர்ப் பதப்படுத்தும் கம்பெனிகள் கடலோரத்தில் பெரும் பொறிகளை நட்டு சால்மன் மீனை வாரிக்கொண்டு போயின. உள்ளூர் மீனவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தோடுதான் 1956 இல் மக்கள் தங்கள் அரசியல் சாசனத்தை ஏற்றார்கள். இயற்கையாக உள்ள மீனும் விலங்கும் நீரும் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என்று அதன் எட்டாம் பிரிவு சொல்கிறது. மீன்பொறிகளை ஒழிக்கவும் அதே தேர்தலில் வாக்களித்தார்கள்.

ஆனால் 1970களில் வழிகாட்டிகளுக்கு மட்டும் தனியுரிமைப் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதி ஒருவருக்கு என்றால், அங்கே வேறு வழிகாட்டி தொழில் செய்ய முடியாது. அதனால் பாதிக்கப்பட்ட ஓசிசெக் என்ற வழிகாட்டி தொடுத்த வழக்கில், 1988 இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு சாசனத்துக்கு எதிரானது என்று அடித்துத் தள்ளியது. தீர்ப்பு சரியானது. பொதுச் சொத்தைச் சிலருக்குக் கட்டணமும் இல்லாமல், போட்டியும் இல்லாமல், காலவரையும் இல்லாமல் எழுதிவைப்பதை எந்த மக்களாட்சியும் பொறுக்காது.

தவறு தீர்ப்புக்குப் பிறகுதான் நடந்தது. பழைய வேலியை நீதிமன்றம் பிடுங்கியது. அந்த இடத்தில் வேறு ஏற்பாட்டைச் சட்டமன்றம் நெடுங்காலம் செய்யவில்லை. அமெரிக்க மத்திய அரசின் வனவிலங்குப் புகலிடங்களில் போட்டி முறையில் தேர்வான சில வழிகாட்டிகளுக்கு மட்டுமே, குறித்த ஆண்டுகளுக்கு, அனுமதி உண்டு. மாநில அரசின் நிலத்திலோ, ஒரு பகுதியில் எத்தனை வழிகாட்டிகள் இறங்கலாம் என்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உச்சவரம்பே இருக்கவில்லை. ஐந்து பேர் இறங்கினாலும் சட்டப்படி சரி, பதினைந்து பேர் இறங்கினாலும் சரி. இதில் நல்ல வழிகாட்டிக்குத்தான் தண்டனை. தன் பகுதியில் இந்த ஆண்டு இரண்டு கிடாக்களோடு நிறுத்திக்கொள்வோம், மந்தை தேறட்டும் என்று அவர் விட்டுவைத்தால், விட்டுவைத்ததை அடுத்தவர் சுடுகிறார். பொறுமைக்கு நட்டமும் பேராசைக்கு லாபமும் தரும் ஏற்பாட்டில் மரியாதை எத்தனை நாள் பிழைக்கும்?

சட்டவரிகள் இல்லாமலில்லை. சட்டப்படி வேட்டையாடுபவருக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது அலாஸ்காவில் குற்றம். ஆனால் வேட்டைக்காரர்கள் தமக்குள் சட்டத்துக்கு உட்பட்டுப் போட்டியிடுவதற்கு அதில் விலக்கு உண்டு. இடையூறு எங்கே முடிகிறது, போட்டி எங்கே தொடங்குகிறது? ஆளரவமற்ற மலையில் அதற்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. வனவிலங்குக் காவலர்களோ சிலர். நிலமோ தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம்.

இவ்வளவு நாளும் இது கசப்பாக மட்டும் இருந்தது. இப்போது ஆபத்தாக மாறியதற்குக் காரணம் ஆடு குறைந்தது. கொடும் குளிர்காலங்களும், மழை உறைந்து மேய்ச்சலை மூடும் பனிக்கட்டியும் பல மலைகளில் மந்தைகளைச் சரித்துவிட்டன. சில பகுதிகளில் வேட்டையையே நிறுத்த நேர்ந்தது. அங்கே பொதுவாகக் கொம்பு முழு வட்டம் சுற்றிய கிடாவை, அல்லது எட்டு வயது நிறைந்ததை, அல்லது இரு கொம்பு நுனியும் உடைந்ததைத்தான் சுடலாம். மந்தையில் அப்படிப்பட்ட கிடா சிலவே இருக்கும். அந்தச் சிலவற்றின் மேல் இரண்டு மூன்று கூட்டத்தின் கண்ணும் விழுகிறது. கொம்பை நிதானமாக எண்ணிப் பார்க்க நேரம் வேண்டும். பக்கத்து முகட்டில் இன்னொருவர் பதுங்கி வருவது தெரிந்தால் யார் நிதானிப்பார்? அவசரத்தில் விழுவது வளராத கிடா. அடுத்த ஆண்டுகளின் கணக்கிலிருந்து அது கழிகிறது.

2015 இல், பருவம் நடக்கும்போது விமானத்தில் சுற்றி ஆட்டைத் தேடக் கூடாது என்று மாநில வேட்டை வாரியம் விதி செய்தது. ஆளைக் கொண்டுவிடலாம், அழைத்து வரலாம், அவ்வளவே. பறந்த நாளில் சுடக் கூடாது, மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான் என்ற விதி முன்பே இருந்தது. நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு காலத்தில் கூச்சத்தால் நின்ற செயலை இன்று விதி போட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது.

மரியாதை முறிந்தால் எதில் போய் முடியும் என்பதற்கு வடமேற்கு அலாஸ்காவே பாடம். அங்கே நோடாக், கோபுக் ஆறுகளின் கரைகளில் வாழும் இனுபியாக் மக்களுக்கு இலையுதிர்காலத்தில் தெற்கே நகரும் கேரிபூ மான்தான் ஆண்டுச் சாப்பாடு. மந்தையின் முன்னே வரும் தலைமான்களைத் தொடாமல் போகவிட வேண்டும், அவை போன தடத்தில்தான் மற்றவை வரும் என்பது அவர்களின் மூதாதையர் முறை. வெளியூர் வேட்டைக்காரரைக் கூலிக்குக் கொண்டுவிடும் விமானங்கள் மந்தை வரும் வழியிலேயே ஆட்களை இறக்கின. முதல் மானைக் கண்டதும் சுட்டார்கள். மந்தை திசை மாறிப் போகிறது, எங்களுக்கு வந்து சேர்வதில்லை என்று கிராமத்தார் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2003 இல் சுமார் 4,90,000 ஆக இருந்த அந்த மந்தை 2023 இல் 1,52,000 ஆகச் சுருங்கியிருக்கிறது. சரிவுக்குக் காரணங்கள் பல, கூடாரங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மான் குறையக் குறையச் சகிப்பும் குறைந்தது. 2022 இல், நோடாக் தேசியக் காப்புநிலம் உள்ளிட்ட மத்திய அரசு நிலங்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வெளியார் கேரிபூ வேட்டைக்கு மூடப்பட்டன. ஒழுங்காக நடந்துகொண்ட வெளியூர்க்காரருக்கும் சேர்த்தே கதவு அடைபட்டது.

ஆட்டு மலைகளுக்கும் இதே கதி வரலாம். அப்போது கட்டுப்பாடு முதலில் யார் தலையில் விழும் என்பதை நாம் கவலையோடு கேட்கிறோம். வெளிமாநிலத்தார் டால் ஆட்டைச் சுட, அங்கே குடியிருக்கும் நெருங்கிய உறவினர் உடன் வந்தாலன்றி, வழிகாட்டி கட்டாயம். அதற்கு இருபதாயிரம் டாலருக்கு மேல் கட்டணம் போகிறது. அந்தப் பணத்துக்குச் சங்கம் உண்டு, சட்டமன்றத்தில் குரல் உண்டு. உள்ளூர்க்காரரின் 45 டாலர் உரிமத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. நெரிசலைக் காரணம் காட்டிச் சாதாரணக் குடிமகனைக் குலுக்கலில் நிற்கவைத்துவிட்டு, வியாபாரத்துக்குப் பங்கு ஒதுக்கும் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் அது மீன்பொறிக் காலத்துக்குத் திரும்புவதே.

இரு தரப்பிலும் தவறு உண்டு என்று சொல்லிக் கைகழுவ நமக்கு மனமில்லை. பொறுப்பு வழிகாட்டிக்கே அதிகம். நிலத்தை அறிந்தவர் அவர். பருவம் முழுதும் அங்கே இருப்பவர் அவர். பொதுச் சொத்தை வைத்துச் சம்பாதிப்பவரும் அவரே. தன் வாடிக்கையாளர் அல்லாத ஒருவரின் வேட்டையை வழிகாட்டி வேண்டுமென்றே தடுக்கக் கூடாது என்று அவர்களுக்கான சட்டமே தனியாகச் சொல்கிறது. விமானத்தில் ஆட்களைக் கொண்டுவிடும் தொழில் செய்பவர்களுக்கும் இதே அளவுகோல் வேண்டும். ஒரே ஓடைக்கு மூன்று கூட்டத்தை இறக்கி மூன்று கட்டணம் வாங்குவது வியாபாரமாக இருக்கலாம், நாணயமல்ல.

1988 தீர்ப்பு ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. காலவரையோடும் போட்டியோடும் கட்டணத்தோடும் கூடிய அனுமதி, பழைய தனியுரிமையிலிருந்து வேறுபட்டது என்று அது சொன்னது. அந்த வழியில் மாநில நிலத்தில் வழிகாட்டிகளின் எண்ணிக்கைக்கும், அவர்கள் சுடும் கிடாக்களின் எண்ணிக்கைக்கும் சட்டமன்றம் வரம்பு வைக்க வேண்டும். வரம்பு வியாபாரத்துக்கு மட்டுமே; உள்ளூர்க்காரர் கால்வைக்கும் உரிமையில் அது கை வைக்கக் கூடாது. பொய்யாக ‘என் பகுதி’ என்று சொல்லி ஒருவரை விரட்டும் வழிகாட்டியின் உரிமத்தை உரிம வாரியம் பறிக்க வேண்டும். விரட்டப்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பி நண்பர்களிடம் புலம்புவதோடு நிறுத்தாமல், நாள், இடம், விமானத்தின் எண் மூன்றையும் குறித்து எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.