தண்ணீர் திறந்துவிடுபவரின் பணிக்காலம்



உங்கள் ஊரில் காலையில் தண்ணீர் திறந்துவிடுபவர் யார் என்றால் சட்டென்று பேர் சொல்லிவிடுவீர்கள். அவருக்கு ஓய்வூதியம் உண்டா? கிராம ஊராட்சிகளில் பெரும்பாலும் இல்லை.

விடியுமுன் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் தெருத்தெருவாகப் போய் வால்வு திருகுகிறார் இந்த டேங்க் ஆபரேட்டர். ஆயிரம் லிட்டருக்கு நாலைந்து கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறார். நெடி கண்ணைக் கரிக்கும். அவர் கை அளவு தப்பினால் ஊரே வயிற்றுப்போக்கில் படுக்கும். தொட்டியைக் கழுவ ஏணியேறி உள்ளே இறங்குவதும் அவரேதான், முழங்கால் வலிக்கும் வயதிலும்.

இவ்வளவும் செய்பவர் தொகுப்பூதியக்காரர். சிக்கல் அந்த வகைப்பாட்டில்தான் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பணியிடத்தில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம்; பின்னால் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. தொகுப்பூதியக்காரர் இரண்டிலும் சேரமாட்டார். தொகுப்பூதியக் காலத்தில் பாதியைப் பணிக்காலத்தோடு சேர்க்கத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் வழி இருக்கிறது. ஆனால் அதே தேதிக்கு முன் பணி முறைப்படுத்தப்பட்டவருக்குத்தான் அது பயன்படும். இருபது வருடம் வால்வு திருகியவரின் உழைப்பு ஒரு தேதியால் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இது அநியாயம்.

ஓய்வூதியம் கருணையால் கொடுக்கும் தொகை அல்ல என்று 1982-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. குழாய் கூடினால் டேங்க் ஆபரேட்டருக்கு வேலையும் கூடுகிறது. ஒருநாளும் நிற்கக்கூடாத வேலையைத் தற்காலிகம் என்று எப்படி எழுதுவது? பணியின் தன்மையை வைத்து வகைப்படுத்துங்கள், தொட்டியடிக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுங்கள் என்பதே அரசுக்கு நம் கோரிக்கை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இவர்களில் பலரிடம் வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு காகிதமும் இல்லை. நியமனத்துக்கான ஊராட்சித் தீர்மானம், பழைய சம்பளப் பட்டியல், இவற்றின் நகலைக் கேட்டு வாங்க உங்கள் ஊர்க்காரருக்கு உதவுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். கிடைத்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்