புள்ளியேடும் ஆட்டத் திறனும்

கனடாவிலே பனித்தரை ஹொக்கி ஆடும் இளைஞரைப் புள்ளிக்கணக்கொன்றாலேயே தரம்பிரிப்பதை யான் ஏற்கமாட்டேன். கோலடித்தவனுக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் வட்டினைத் தள்ளிக்கொடுத்த இருவர் வரைக்கும் ஒவ்வொன்று. கோலைத் தடுத்தவனுக்கோ யாதுமில்லை. (பள்ளிப் புள்ளியேட்டை நினைந்து நகைக்கின்றீர் போலும்!) கிரெட்ஸ்கி 1977-78இல் இளையோர் அணியிற் குவித்த 182 புள்ளி பொய்க்கவில்லை, மெய்யே. ஆயின், 1992-93இல் 53 ஆட்டங்களில் 137 புள்ளி ஈட்டிய அலெக்சாண்டர் டெய்கிலை நோக்குக. எதிர்த்து ஆடியவரும் இளையோரே என்பதை எண்ணினார் எத்துணைப்பேர்? 1993இல் ஒட்டாவா அணி அவரையே முதல்வராகத் தெரிந்தெடுத்தது. பின்னர் முதுநிலை லீக்கில் 616 ஆட்டங்களில் அவர் பெற்றவை 327 புள்ளிகளே. அவருக்கு அடுத்ததாகத் தெரிவான தற்காப்பாளர் கிறிஸ் புரோங்கர், 2000இல் அந்த லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்குரிய விருதைப் பெற்றார்.