லாரிக்கு மூக்கு அடைத்தால் டிரைவருக்கா தண்டனை?

சிதம்பரத்தில் இருந்து பிச்சாவரம் போகிற சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும். கிள்ளை பக்கம் இருந்து மீன் பெட்டி ஏற்றிய வண்டிகள் வரும். அறுவடைக் காலமானால் நெல் மூட்டை லாரிகள் வரும். இறால் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிய மினி லாரிகள் எதிரே போகும். அநேகமாக எல்லாம் டர்போ வண்டிகள். லோடோடு கியர் மாற்றி இழுக்கும்போது விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வருகிறதே, அதுதான் டர்போ.

அந்த விசில் அடங்கிப் போய், புல்லிங் இல்லாமல், கரும்புகை கக்கிக்கொண்டு ஒரு லாரி ஓரம் கட்டினால் என்ன நடக்கும்? முதலாளி முதலில் டிரைவரைத்தான் பிடிப்பார்.

"வண்டியை எப்படிய்யா ஓட்டினே?"

டிரைவர் ஓட்டியதில் தப்பே இருக்காது. பல நேரம் தப்பு நடந்தது உதிரி பாகக் கடையில். ஏர் ஃபில்டர் வாங்கிய அன்றைக்கே நடந்துவிட்டது.

பத்தாயிரம் லிட்டர் காற்று

ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டீசல் என்ஜின் அதற்கு மேலும் இழுக்கும். 200 லிட்டர் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பும் லாரி, டேங்க் காலியாவதற்குள் 20 லட்சம் லிட்டர் காற்றைக் குடித்துவிடுகிறது. அத்தனையும் மடிப்பு மடிப்பாக வைத்த ஒரு காகித உருளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

டர்போ புதுச் சரக்கு அல்ல. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் புச்சி 1905-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்தில் சுற்றுகிற அலுமினிய இறக்கையின் மேல் மணல் துகள் மோதினால் என்ன ஆகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி விளிம்பு அரிக்கும். தப்பிப் போன தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். அப்புறம் வண்டி டீசலோடு ஆயிலையும் குடிக்கும்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் ஆபத்துதான். காற்று கிடைக்காத டர்போ, சீல் வழியாகத் தன் ஆயிலையே உறிஞ்சும்.

இங்கே தூசி கொஞ்சமா?

மற்ற ஊர் லாரிக்கும் கடலூர் மாவட்ட லாரிக்கும் வித்தியாசம் உண்டு. நெய்வேலி அனல் மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம். மாவு மாதிரி மெல்லிசு, ஆனால் கண்ணாடி மாதிரி கடினம். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச் சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகப் போனவர்களைக் கேட்டால் தெரியும், சட்டைக் காலர் என்ன நிறத்துக்கு மாறியது என்று. புவனகிரி பக்கம் அறுவடை நேரத்தில் வைக்கோல் சுணை பறக்கும். கடலோரம் வந்தால் உப்புக் காற்று.

பிச்சாவரத்துச் சுரபுன்னை மரம் இந்த உப்பை வேரிலேயே பெரும்பாலும் வடிகட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் மேலே எடுத்துக்கொள்கிறது. லாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மலிவான ஃபில்டரின் இரும்பு வலை உப்பில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடத்தில் பசை விடும். காகிதம் நைந்து ஓட்டை விழும்.

சாம்பல் லாரி தார்ப்பாய் போட்டு மூடித்தான் போக வேண்டும். எத்தனை லாரி ஒழுங்காக மூடிப் போகிறது? முன்னால் போகிற லாரி கொட்டுகிற சாம்பலைத்தான் பின்னால் வருகிற லாரியும், ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற குமாஸ்தாவும் மூச்சாக இழுக்கிறார்கள். லாரிக்காவது ஃபில்டர் இருக்கிறது. போலீசார் இதைக் கொஞ்சம் கவனித்தால் புண்ணியமாகப் போகும்.

காற்றடிக்கும் பழக்கம்

பழைய பென்ஸ் லாரி ஓட்டியவர்களுக்கு எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனர் நினைவிருக்கும். கழற்று, டீசலில் அலசு, புது ஆயில் ஊற்று, மாட்டு. செலவே இல்லை. அந்தக் காலத்துக்கு அது சரி. ஆனால் டர்போவுக்கு அந்தச் சுத்தம் போதாது என்றுதான் காகித ஃபில்டர் வந்தது.

ஃபில்டர் மாறியது. பழக்கம் மாறவில்லை. பஞ்சர் கடையில் நிறுத்தி கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். போதாததற்கு டயரில் நாலு தட்டு. தூசி பறப்பதைப் பார்த்து மனசுக்குத் திருப்தி. பலத்த காற்றில் காகிதத்தில் ஊசித் துளை விழுந்ததைக் கண் பார்க்காது. இன்னொரு விஷயமும் உண்டு. ஃபில்டரில் படிந்த மெல்லிய தூசிப் படலமே அடுத்து வரும் பொடித் தூசியைத் தடுக்கும். அடிக்கடி கழற்றித் தட்டினால் அந்தக் காவலும் போய்விடும். அதனால்தான் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டுகிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை.

எப்போது மாற்றுவது? ஏர் கிளீனரில் ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும். சிவப்பு காட்டினால் மாற்ற வேண்டும். சில வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். பல லாரிகளில் அந்த இண்டிகேட்டர் உடைந்து தொங்குகிறது. முதலில் அதை மாற்றுங்கள். ஃபில்டரோடு ஒப்பிட்டால் அது அற்பக் காசு.

கடையில் நடப்பது

டிரைவர் கடைக்குப் போகிறார். "அண்ணே, ஏர் ஃபில்டர் ஒண்ணு குடுங்க" என்கிறார். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "கம்பெனி சரக்கா, லோக்கலா தம்பி?" முதலாளி கொடுத்தனுப்பிய பணத்தை டிரைவர் எண்ணிப் பார்க்கிறார். லோக்கல்தான் கிடைக்கும்.

வண்டி கம்பெனி பெயர் போட்டதைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. லேலண்டுக்கு லேபார்ட்ஸ் இருக்கிறது. டாடாவுக்கு அவர்கள் சொந்தச் சரக்கு இருக்கிறது. ஃபிளீட்கார்டு, மான், டொனால்ட்சன் மாதிரி ஃபில்டருக்கென்றே பெயர் எடுத்த கம்பெனிகளும் உண்டு. அதில் எது வாங்கினாலும் குறை இல்லை, நம்பர் பொருந்தினால். அந்த நம்பர்தான் முக்கியம். ஒரே மாடல் லாரியில்கூட வருஷத்துக்கு வருஷம் ஏர் கிளீனர் மாறியிருக்கும். "இதுவும் அதே சைஸ்தான்" என்ற பேச்சை நம்பக் கூடாது. பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துப் போய், அடியில் அச்சடித்த நம்பரைப் புதுசோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் குட்டையாக இருந்தால் மூடி மூடும், சீல் பிடிக்காது. தூசிக்கு அந்த இடைவெளி ராஜபாட்டை. சிலர் அங்கே கிரீஸ் தடவி அடைக்கிறார்கள். அது வைத்தியம் அல்ல, ஒப்பேற்றல்.

கடையிலேயே டார்ச் லைட்டை உருளைக்குள் விட்டுச் சுற்றிப் பார்க்கலாம். எங்காவது வெளிச்சம் புள்ளியாகப் பளிச்சென்று வந்தால் திருப்பிக் கொடுங்கள். மடிப்புகள் சீராக, நெருக்கமாக இருக்கிறதா பாருங்கள். மட்டமான சரக்கில் மிச்சம் பிடிப்பதே மடிப்பில்தான். ரப்பர் விளிம்பை விரலால் அமுக்கினால் மெத்தென்று திரும்பி எழ வேண்டும்.

பெரிய உருளைக்குள் சின்ன உருளை ஒன்று இருக்கும். பாதுகாப்பு ஃபில்டர். அதற்குக் காற்றடிக்கவே கூடாது. வெளி ஃபில்டரை மூன்று முறை மாற்றினால் இதை ஒரு முறை மாற்றுவது வழக்கம். சில லாரிகளில் உள்ளே அதுவே இருப்பதில்லை. எந்த ஒர்க்‌ஷாப்பிலோ கழற்றி, "இது இல்லாட்டி நல்லா இழுக்கும்" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அதே பேச்சோடுதான் எண்ணெய் தடவிய துணி ஃபில்டரை இளவட்டங்கள் பிக்கப் வண்டிக்கு மாட்டுகிறார்கள். கழுவிக் கழுவிப் போடலாம், காற்று தாராளமாகப் போகும் என்பது விளம்பரம். காற்று போகிற வழியில் சாம்பலும் போகும். நெய்வேலி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

மழைக் காலம் தனிக் கதை. 2015 வெள்ளத்தில் கடலூர் எப்படி மிதந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. தண்ணீருக்குள் ஓடிய வண்டியின் ஃபில்டர் நனைந்திருந்தால் வெயிலில் காய வைத்து மாட்டக் கூடாது. ஊறிய காகிதம் பழைய நிலைக்குத் திரும்பாது.

போலி அட்டைப்பெட்டி

கள்ளச் சரக்கு விற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி பெயரைப் போலியாகப் போட்டு விற்றால் 1999-ம் வருட வணிகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில். அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்று, வாரண்ட் இல்லாமலே சோதனை போட்டுப் பறிமுதல் செய்யலாம். சட்டம் பல்லோடுதான் இருக்கிறது. புகார்தான் வருவதில்லை. ஏன்? வாங்கியவரிடம் பில் இல்லை. "பில் வேண்டாம்னா நூறு ரூபா குறைச்சுக்கிறேன்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம். டர்போ போன பிறகு யாரிடம் போய் நிற்பது?

ஒற்றை லாரி வைத்திருப்பவர் கஷ்டம் தெரியாமல் இல்லை. மாதம் பிறந்தால் டியூ, அப்புறம் எஃப்.சி., இன்ஷூரன்ஸ், டோல். ஆனால் நல்ல ஃபில்டர் செட் சில ஆயிரத்தில் முடியும். டர்போ பல்லாயிரம். என்ஜின் வேலை வந்தால் லட்சத்தில் பேசுவார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு நடையும் இல்லை, டிரைவருக்குப் படியும் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிய யார் பொறுப்பு?

புல்லிங் குறைவதை முதலில் உணர்வது டிரைவர்தான். அவர் "ஃபில்டர் மாத்தணும் முதலாளி" என்றால் கணக்குப் பார்க்காமல் நல்ல சரக்கு வாங்க காசு கொடுக்க வேண்டும். முடியாது என்று சொல்கிற முதலாளிக்கு, பிறகு "எப்படி ஓட்டினே" என்று கேட்கும் உரிமை இல்லை.

புதுசு மாட்டியதும், டர்போவுக்குப் போகும் ஹோஸின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் ஹோஸ் கிளாம்போ சீலோ கசிகிறது என்று அர்த்தம். பழைய ஃபில்டரையும் புதுசு வந்த அட்டைப்பெட்டியையும் கிழித்துப் போடுங்கள். அந்தப் பெட்டிக்கும் வெளியே விலை இருக்கிறது. முழுசாக விட்டால் உள்ளே வேறு சரக்கோடு கடைக்குத் திரும்பி வந்துவிடும்.