அண்டா அடுப்பில் ஏறுமுன்...

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை 95 செண்டிமீட்டர். தமிழகத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவும் ஒரே நாளில் ஓர் ஊரின் தலையில் இறங்கியது. தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. சாலைகள் அறுந்தன. மின்சாரம் போனது, தொலைபேசியும் போனது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக் கொண்டார்கள். அவர்களின் பசியாற்றியவர்கள் பக்கத்துக் கிராமத்து எளிய மக்கள்.

தண்ணீர் வடிவதற்குள் தகராறு தொடங்கிவிட்டது. இவ்வளவு மழை பெய்யும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லவில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது மத்திய அரசு. பத்திரிகைகளும் இந்தப் பட்டிமன்றத்தைப் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. எச்சரிக்கை வந்து சேரும் இடம் எது? நகராட்சி ஆணையரின் மேசை. பேரூராட்சி செயல் அலுவலரின் மேசை. ஊராட்சிச் செயலரின் கைபேசி. அடுத்த ஒரு மணி நேரத்தில் எதை முதலில் செய்வது, எதை இரண்டாவதாகச் செய்வது என்று அவர்களுக்கு யாராவது பழக்கிக் கொடுத்திருக்கிறார்களா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் அதிகாரிகளுக்கும் ஊழியர்களுக்கும் பேரிடர் மேலாண்மையில் பயிற்சி கிடைக்க உறுதி செய்ய வேண்டும். தேவையான பொருட்களை எந்நேரமும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 41ஆம் பிரிவு. உள்ளாட்சிகளும் பேரிடர் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. நிவாரணத்தில் சாதி, சமயம், பால் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 61ஆம் பிரிவு. 2025இல் வந்த திருத்தம், மாநகராட்சிகளுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்தது. நல்லது. ஆனால் நம் மக்கள் செறிந்து வாழும் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நகராட்சிகளும், பரங்கிப்பேட்டை போன்ற பேரூராட்சிகளும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. கடலோரத்தில் புயலை முதலில் வாங்குவது இந்தச் சிற்றூர்கள் அல்லவா?

பயிற்சி என்றால் ஏ.சி. மண்டபத்தில் படம் காட்டி, தேநீர் கொடுத்து, சான்றிதழ் வழங்கி அனுப்புவது அல்ல. ஊரில் எந்தத் தெரு முதலில் மூழ்கும்? படகு யாரிடம் இருக்கிறது? தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு டீசல் இருக்கிறதா? கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்து கொள்பவர்கள் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள்? தொலைபேசி செத்துவிட்டால் செய்தியை யார் சுமந்து செல்வது? ஆணையர் ஊரில் இல்லாவிட்டால் உத்தரவு போடுவது யார்? இவற்றுக்கெல்லாம் தாளில் பதில் எழுதி, மழைக்காலம் தொடங்குமுன் தெருவில் இறங்கி ஒத்திகை பார்ப்பதுதான் பயிற்சி. மறைமலை நகரில் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கோவையில் நகரியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயிற்சி பெற்ற அதிகாரி மாற்றலாகிப் போனால் அவரோடு பயிற்சியும் போய்விடுகிறது. ஊரில் தங்குவது ஊர்க்காரன்தான். ஆகவே அதிகாரியோடு சேர்த்து ஊரையும் பழக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கட்டும். 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1991 புயலில் மீண்டும் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் மடிந்தார்கள். அவர்கள் சோர்ந்து விடவில்லை. தொண்டர்களைப் பெருக்கினார்கள், புகலிடங்களைக் கட்டினார்கள், கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்தித் தெருத்தெருவாகப் போனார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னார்கள். 2020 மே மாதம் அம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தினார்கள். லட்சத்தில் எண்ணப்பட்ட மரணங்கள் சில பத்துகளாகக் குறைந்தன. அது பணக்கார நாடு அல்ல. பணத்தைவிடப் பயிற்சிதான் அங்கே உயிர் காத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1991இல் அங்கே ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக மடிந்தார்கள். எச்சரிக்கை கடைவீதி வரை வந்தது, அடுப்பங்கரைக்கு வரவில்லை. ஆண் துணையின்றிப் புகலிடத்துக்குப் போகத் தயங்கினார்கள். இன்று அங்கே தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். நம் ஊர்களில் ஒரு வீட்டுப் பெண்ணிடம் 'தண்ணீர் வருகிறது, கிளம்புங்கள்' என்று உள்ளே போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நிஸ்வான் மதரஸாக்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு முதலுதவி கற்றுக் கொடுக்க எது தடை?

"எல்லாம் தக்தீர், வருவது வந்தே தீரும்" என்று சிலர் சொல்வார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் அப்படியா இருந்தார்கள்? வளமான 7 ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, பஞ்சமான 7 ஆண்டுகளை எதிர்கொண்டார்கள். ஒரு நாட்டின் களஞ்சியத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஒரு நபியே கேட்டு வாங்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை வழியில் கேள்விப்பட்டார்கள். தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள், படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்று விளக்கினார்கள். தவக்குல் என்பது கை கட்டி நிற்பது அல்ல.

நெருக்கடியில் பேசுவதற்கும் பயிற்சி வேண்டும். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை மறந்துவிட முடியுமா? டெல்லி மாநாட்டுக்குப் போனவர்கள் என்று நோயாளிகளைத் தனியாக எண்ணிக் காட்டியதன் விளைவை நம் வியாபாரிகள் அனுபவித்தார்கள். ஒரு சமுதாயமே நோய் பரப்புகிறது என்ற பழி தெருவுக்குத் தெரு பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைக் கண்டித்தது. தீர்ப்பு வந்தது, போன வியாபாரம் வந்ததா? அதிகாரியின் வாயிலிருந்து வரும் ஒரு சொல் வதந்தியை அணைக்கவும் செய்யும், மூட்டவும் செய்யும். இதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்தார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் கதவு திறந்தன. கொரோனாவில் உறவினரே தொட அஞ்சிய உடல்களை, எந்த மதம் என்று பாராமல் நம் இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உண்மையைச் சொல்வோம். வெள்ளம் வந்த பிறகு அண்டாவை அடுப்பில் ஏற்றுவதில் நாம் வல்லவர்கள். வெள்ளம் வருமுன் ஒருவரை வீட்டிலிருந்து வெளியேற்றத் தெரியாதவர்கள். நீச்சல் தெரியாத இளைஞன் உணர்ச்சி வேகத்தில் தண்ணீரில் குதித்தால் ஓர் உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும். ஆர்வம் இருக்கிறது, பயிற்சி இல்லை.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2015இல் ஒரு பாக்கெட் பால் 100 ரூபாய்க்கு விற்கப்பட்டதை ஊர் பார்த்தது. பேரிடர் நேரத்தில் பதுக்கி விலை ஏற்றுபவர் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் மார்க்கத்தில் குற்றவாளியே. கிட்டங்கியில் சரக்கைத் தரையில் அடுக்காதீர்கள். கணக்குப் புத்தகத்துக்கு நகல் வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் லாரியும் ஜெனரேட்டரும் தேவைப்படும் நேரத்தில் எந்த எண்ணில் கிடைக்கும் என்று சங்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகிகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் கட்டாயப் பயிற்சியும் ஒத்திகையும் நடத்தப்பட வேண்டும். அந்த ஒத்திகையில் ஜமாஅத், கோயில் நிர்வாகம், தேவாலயம், வியாபாரிகள் சங்கம் அனைத்துக்கும் இடம் வேண்டும். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' தொண்டர் பயிற்சியில் நம் இளைஞர்களும் சேர்க்கப்பட வேண்டும். வெள்ளத்தில் எங்கள் கை வேண்டும் என்றால், பட்டியலில் எங்கள் பெயரும் வேண்டும்.

சமுதாய இளைஞர்களே! வரும் ஜும்ஆவுக்குப் பிறகு முஹல்லாவுக்குப் 10 பேராகக் கூடுங்கள். நீந்தத் தெரிந்தவர் யார், வாகனம் ஓட்டுபவர் யார், செவிலியர் யார் என்று எழுதுங்கள். முதியோர், நோயாளிகள் வாழும் வீடுகளை மதம் பாராமல் குறித்துக் கொள்ளுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077 என்பதைப் பள்ளிவாசல் சுவரில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், 'உங்கள் திட்டத்தைக் காட்டுங்கள். எங்கள் பங்கைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். திட்டம் இல்லை என்று பதில் வந்தால், அதை எழுத்தில் வாங்கி எமக்கு அனுப்புங்கள்.

மேகத்தை ஏவுபவன் அல்லாஹ். வாய்க்காலைத் தூர் வாரும் பொறுப்பை நம்மிடம் தந்திருக்கிறான். அதைச் சரியாக நிறைவேற்றும் மக்களாக நம்மை அவன் ஆக்கி அருள்வானாக!